ஒட்டும் வெட்டும்: தொடக்கக் காலத் திரைப்படத்தின் தந்திரமும் தொகுப்பும்

1. தோற்றுவாய்

திரைப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அதனை ஒரு படிமுறை வளர்ச்சியாகவே காட்டிச் செல்வர். முதற்கண் உள்ளதை உள்ளவாறே பிடித்த துணுக்குக் காட்சிகள் தோன்றின. அடுத்து அக்கருவி மாயவித்தைக்காரர் கையில் அகப்பட்டுத் தந்திரக் காட்சிகள் பெருகின. அதன் பின்னரே காட்சிகளை வெட்டியும் ஒட்டியும் கதை சொல்லும் படத்தொகுப்பு என்னும் உண்மைக் கலை பிறந்தது என்பது அவர்தம் கூற்று. இக்கூற்றின்படி தந்திரம் கலையின் மழலைப் பருவம். தொகுப்பு அதன் முதிர்ச்சி. முன்னது கண்ணை ஏய்ப்பது. பின்னது கருத்தை உணர்த்துவது.

இக்கொள்கை சான்றுகளோடு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம். தந்திரமும் தொகுப்பும் ஒரு வேரில் கிளைத்த இரு கிளைகள் என்பதும், அவ்வேர் படச்சுருளை வெட்டி ஒட்டும் தொழிலே என்பதும், இன்றுவரை திரைப்படம் அவ்விரு கிளைகளையும் விடாது தாங்கி வருகின்றது என்பதும் நம் துணிபு. இதனை நிறுவுதற்கு 1895 முதல் 1903 வரை எழுந்த படங்கள் சிலவற்றைச் சான்றாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்றன் மூலபாடம் பிற்காலத்தில் மாற்றப்பெற்றது. மாற்றிய பாடமே நெடுங்காலம் வரலாற்றுக்குச் சான்றாகவும் நின்றது. சுவடிகளோடு பழகிய தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு இது வியப்புத் தராது. ஆயினும் இதன் விளைவு கருதத்தக்கது.

2. நிறுத்தி மாற்றல்

1895ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன் நிறுவனத்தார்க்காக ஆல்பிரட் கிளார்க் என்பவர் ஒரு சிறு படம் எடுத்தார். ஸ்காட்லாந்து அரசி மேரி கொலைத்தண்டனை பெறுவதே அதன் பொருள். அஃது ஓடும் நேரம் அரை நிமிடமும் இல்லை. அரசி மண்டியிட்டுக் கொலைக்கட்டையின்மேல் தலையை வைக்கிறாள். கொலைஞன் கோடரியை ஓங்குகிறான். தலை துண்டாகி விழுகிறது. கோடரி ஓங்கிய நிலையில் காமிராவை நிறுத்தி, ஏனைய நடிகர் அசையாது நிற்க, அரசியாக நடித்தவரை அகற்றி, அவ்விடத்தில் பொம்மை ஒன்றை வைத்து, மீண்டும் காமிராவை ஓட்டினர். இவ்வுத்தியை 'நிறுத்தி மாற்றல்' என்று வழங்குவோம்.

இவ்வுத்தியைப் பெருக வளர்த்தவர் பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் மெலியே. இவர் 1888 முதல் பாரிஸ் நகரில் ரொபேர் ஊதென் அரங்கு என்னும் மாயவித்தை அரங்கை நடத்தி வந்தவர். 1895 டிசம்பர் 28ஆம் நாள் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுக் காட்டிய திரைக்காட்சியைக் கண்டு, தாமும் அத்தொழிலில் இறங்கினார். 1896இல் அவர் எடுத்த படம் ஒன்றில், நாற்காலியில் அமர்ந்த பெண் துணியால் மூடப்படுகிறாள். துணியை எடுத்தால் அவளைக் காணோம். அவ்விடத்தில் எலும்புக்கூடு தோன்றுகிறது. இறுதியில் அப்பெண்ணே மீண்டு வருகிறாள். மேடையில் இவ்வித்தையைச் செய்வதற்குத் தரைக்கு அடியில் மறைகதவு வேண்டும். திரைக்கு அது வேண்டுவதில்லை. காமிராவின் கைப்பிடியைச் சுற்றாது நிறுத்தினாற் போதும்.

இவ்வுத்தி தமக்குத் தற்செயலாக வாய்த்தது என்று மெலியே 1907இல் எழுதிய கட்டுரையில் கூறினார். பாரிஸ் நகரில் ஒப்பெரா நாடகசாலையின் முன்னர்ப் படம் பிடிக்குங்கால் காமிரா சிக்கி நின்றதாம். அதனைச் செப்பஞ்செய்து மீண்டும் ஓட்டியபின், திரையில் போட்டுப் பார்த்தபொழுது பயணிகள் வண்டி பிணவண்டியாக மாறிற்றாம். இக்கதை சுவையுடையது. ஆயினும் எடிசன் நிறுவனத்தார் படம் இதற்கு முற்பட்டதாதலின், உத்தியின் பிறப்பை இந்நிகழ்ச்சியோடு கட்டுதல் பொருந்தாது. கலைஞர் தம் கலையின் தோற்றத்தைப் பற்றிப் பின்னாளில் கூறுவனவற்றை நாம் ஆய்ந்தே கொள்ளல் வேண்டும்.

இதனினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. மெலியேயின் எஞ்சிய படச்சுருள்களை ழாக் மால்தெத் முதலிய ஆராய்ச்சியாளர் உற்று நோக்கியபொழுது, தந்திரம் நிகழும் இடங்களில் படச்சுருள் வெட்டி ஒட்டப்பெற்றிருத்தலைக் கண்டனர். காரணம் வெளிப்படை. கையாற் சுற்றும் காமிராவை நிறுத்தும்பொழுதும் மீண்டும் ஓட்டும்பொழுதும் அதன் விரைவு சமனாக இராது. அவ்விடத்துப் படங்களில் ஒளி மிகும். நடிகர் நிலையும் சிறிது பிறழும். அப்பிழைபட்ட படங்களை வெட்டி எறிந்து, கை உயர்ந்த நிலையோடு கை உயர்ந்த நிலையைப் பொருத்தி ஒட்டினாலன்றி மாயம் மாயமாகத் தோன்றாது. எனவே தந்திரம் காமிராவின் முன்னர்த் தொடங்கி, வெட்டும் மேசையின்மேல் முடிவுற்றது என்பது போதரும். காட்சியின் சட்டகமும் பின்னணியும் மாறாதிருந்தமையால், பார்ப்போர் அதனை ஒரே தொடர்காட்சி என்று நம்பினர். பிற்காலத் திறனாய்வாளரும் அவ்வாறே நம்பினர். மெலியே மேடை நாடகத்தை அசையாக் காமிராவாற் பிடித்தவர், படத்தொகுப்பை அறியாதவர் என்று எழுதியோர் உளர். உண்மையில் அவர் ஒரு விநாடியின் பதினாறில் ஒரு கூற்றையும் கணக்கிட்டுத் தொகுத்தவர். தம் தொகுப்பு தெரியாதவாறு தொகுத்தமையே அவர்க்குப் பழியாயிற்று.

3. ஒரு நிகழ்ச்சி, இரு காட்சி

இனி, காட்சிக்கும் காட்சிக்கும் இடையே அமையும் ஒட்டினை நோக்குவோம். 1902இல் வெளிவந்த மெலியேயின் 'நிலவுப் பயணம்' பலரும் அறிந்தது. அப்படத்தில் வானூர்தி நிலவின் முகத்தை நோக்கிப் பாய்ந்து அதன் கண்ணிற் குத்துகிறது. அடுத்த காட்சியில் நிலவின் தரையில் அவ்வூர்தி மீண்டும் வந்து இறங்குகிறது. ஒருமுறை நிகழ்ந்த செயல் இருமுறை காட்டப்படுகின்றது. இதனைக் கலைஞரின் அறியாமை என்று தள்ளுவதா, அன்றி அக்காலத்து வழக்கு என்று கொள்வதா என்பது வினா. இதற்கு விடை அமெரிக்கப் படம் ஒன்றன் பாட வரலாற்றிற் கிடைக்கின்றது.

எடிசன் நிறுவனத்தில் எட்வின் போர்ட்டர் எடுத்து 1903 ஜனவரியில் வெளிவந்த 'அமெரிக்கத் தீயணைப்பு வீரனின் வாழ்க்கை' என்னும் படமே அது. எரியும் வீட்டினின்றும் தாயையும் குழந்தையையும் வீரன் மீட்பது அதன் உச்சம். இப்படத்திற்கு இருவேறு பாடங்கள் உள. 1944இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்த படியில், அறையின் உட்புறமும் வீட்டின் வெளிப்புறமும் மாறிமாறி வருகின்றன. தாய் உள்ளே மயங்குகிறாள், வெளியே வீரன் ஏணியில் ஏறுகிறான், உள்ளே புகுந்து அவளைத் தூக்குகிறான், வெளியே இறங்குகிறான். இப்படியைக் கண்டோர், ஒரே காலத்து நிகழ்ச்சியை ஈரிடங்களினின்று மாறிமாறிக் காட்டும் முறை 1903இலேயே பிறந்துவிட்டது எனவும், படத்தொகுப்பின் தந்தை போர்ட்டரே எனவும் போற்றினர்.

மற்றைப் பாடம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தது. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1912 வரை திரைப்படத்தைத் தனிவகையாக ஏற்கவில்லை. ஆதலின் படமெடுத்தோர் தம் படங்களை நீண்ட தாட்சுருளில் ஒளிப்படங்களாக அச்சிட்டு அங்கே ஒப்படைத்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இவ்வாறு தாளில் உறங்கின. எளிதில் எரியும் பழைய படச்சுருள்கள் அழிய, இத்தாட்சுருள்கள் பிழைத்தன. அவற்றை மீண்டும் படச்சுருளிற் பெயர்க்கும் பணி 1950களிலும் 1960களிலும் நடந்தது. அவ்வாறு மீண்ட பாடத்தில் காட்சிகள் மாறிமாறி வரவில்லை. முதலில் அறையின் உட்புறத்தினின்று மீட்சி முழுமையும் காட்டப்படுகின்றது: வீரன் வருகிறான், தாயைத் தூக்கிச் செல்கிறான், மீண்டு வந்து குழந்தையையும் எடுத்துச் செல்கிறான். அதன்பின் அதே மீட்சி தொடக்கம் முதல் இறுதி வரை வெளிப்புறத்தினின்று மறுபடியும் காட்டப்படுகின்றது.

சார்லஸ் மஸ்ஸர், ஆந்திரே கோத்ரோ முதலிய அறிஞர் 1970களின் இறுதியில் இவ்விரு பாடங்களையும் ஒப்பிட்டு, தாட்சுருட் பாடமே மூலம் என்று நிறுவினர். மாறிமாறி வரும் பாடம், பிற்காலத் தொகுப்பு முறைக்குப் பழகிய கை ஒன்று மூலத்தைத் துண்டாக்கி மாற்றி அடுக்கியதாகும். பழம்பாட்டில் ஓசை குறைகிறதென்று பிற்காலத்தார் ஒரு சீரைத் திருத்துவதை நாம் அறிவோம். திருத்தியவர் பிழை நீக்குவதாகவே எண்ணியிருப்பர். ஆனால் அவர் நீக்கியது பிழையன்று, வழக்கு. முந்திய ஆண்டில் மெலியே வானூர்தியை இருமுறை இறக்கியதையும் உடன்வைத்து நோக்கின் இஃது இனிது விளங்கும். ஒரு நிகழ்ச்சியை ஒரு நிலையினின்று முழுதும் கண்டு, பின் மற்றொரு நிலையினின்று முழுதும் காண்பதில் அக்காலத்துப் பார்வையாளர் குறை காணவில்லை. காலம் ஓடுவதைக் காட்டிலும் காட்சி நிறைவதையே அவர்கள் விரும்பினர் என்று கொள்ளலாம்.

படிமுறை வளர்ச்சிக் கொள்கைக்குத் தூணாக நின்ற சான்று இவ்வாறு சரிந்தது. வரலாற்றுக்கு ஏற்பப் பாடத்தைத் திருத்தி, திருத்திய பாடத்தைக் கொண்டு வரலாற்றை நிறுவுதல் வட்டமாகச் சுழலும் வாதமாகும்.

4. இரண்டும் ஒரு படத்தில்

அதே 1903ஆம் ஆண்டின் இறுதியில் போர்ட்டர் எடுத்த 'பெரிய இரயில் கொள்ளை' நம் கருத்துக்குத் துணைநிற்கும் தலையாய சான்று. ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் இப்படம், இரயில் நிலையத்தினின்று வண்டிக்கும், வண்டியினின்று காட்டுக்கும், காட்டினின்று நடனக் கூடத்துக்கும் தாவிச் செல்கின்றது. இத்தாவலுக்காகவே தொகுப்புக் கலையின் முன்னோடி என்று அதனைப் போற்றுவர். ஆனால் அதன் முதற் காட்சியிலேயே, நிலைய அறையின் சன்னலுக்கு வெளியே இரயில் வந்து நிற்பது தெரிகின்றது. அது தனியே பிடிக்கப்பெற்று, அதே சுருளில் சன்னலின் அளவே ஒளிபடுமாறு மீண்டும் பதியப்பெற்ற தந்திரக் காட்சியாகும். பிறிதோரிடத்தில், ஓடும் வண்டியின் நிலக்கரிப் பெட்டியின்மேல் கொள்ளையன் ஒருவன் கரி தள்ளுவோனைத் தாக்கி வீழ்த்திக் கீழே எறிகின்றான். எறியப்படுவது பொம்மை. அடி விழுதற்கும் எறிதற்கும் இடையே ஓர் ஒட்டு மறைந்து கிடக்கின்றது. மேரி அரசியின் தலையை வீழ்த்திய அதே ஒட்டுத்தான் அது.

இங்குக் காட்சிக்கு உள்ளே கரந்து நிற்பது ஒன்று. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே வெளிப்பட்டு நிற்பது மற்றொன்று. இரண்டையும் செய்தது ஒரே கத்தரி, ஒரே பசை. முன்னதைக் 'கரந்த ஒட்டு' என்றும் பின்னதை 'வெளிப்படை ஒட்டு' என்றும் பெயரிட்டுக் கொள்வோம். கரந்த ஒட்டு இரண்டாயிருந்ததை ஒன்றாகக் காட்டுகின்றது. வெளிப்படை ஒட்டு இரண்டை இரண்டாகவே நிறுத்தி, அவற்றிடையே உள்ள தொடர்பைப் பார்ப்போர் நெஞ்சில் எழுப்புகின்றது. ஒன்றை மற்றொன்றன் மழலை என்று கூறுதற்கு இடமில்லை.

5. ஒரு தடையும் அதற்கு விடையும்

கரந்த ஒட்டு வியப்பை மட்டுமே தரும், பொருளைத் தராது; வெளிப்படை ஒட்டே பொருளைத் தரும்; எனவே இரண்டனையும் ஒருங்கு வைத்தல் தகாது என்று தடை எழுப்பலாம். இத்தடையில் ஓரளவு உண்மை உண்டு. 1909இல் கிரிபித் எடுத்த 'தனித்த மாளிகை'யில், கொள்ளையர் கதவை உடைக்க முயல்வதும், உள்ளே பெண்டிர் அஞ்சி நிற்பதும், தலைவன் விரைந்து வருவதும் மாறிமாறி வந்து நம் நெஞ்சைப் பதைக்கச் செய்கின்றன. ஒரே காலத்தை மூன்றிடத்திற் பகுத்துக் காட்டும் இவ்வாற்றல் மெலியேயிடம் இல்லை. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் தொகுப்புக் கலையின் ஆசிரியராகக் கருதப்படுவோர் செய்தவற்றையே நோக்குக. உருசிய நாட்டுக் குலெஷோவ் தம் சோதனை ஒன்றில், ஒருத்தியின் முகம், மற்றொருத்தியின் கை, வேறொருத்தியின் கால் எனப் பலருடைய உறுப்புக்களைத் தனித்தனியே பிடித்து ஒட்டி, உலகில் இல்லாத ஒரு பெண்ணைத் திரையில் உருவாக்கினார். இது தொகுப்பா, மாயமா? ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த 'போர்க்கப்பல் பொதெம்கின்' என்னும் படத்தில், உறங்கும் கற்சிங்கம், விழித்த கற்சிங்கம், எழும் கற்சிங்கம் என மூன்று சிலைகளை அடுத்தடுத்து ஒட்டினார். கல்லே சினந்து எழுந்ததாகத் தோன்றிற்று. மக்கள் எழுச்சியின் குறியீடாக அறிஞர் எடுத்துக்காட்டும் இவ்விடம், அமைப்பால் ஒரு பொருள் நின்ற இடத்தில் மற்றொரு பொருளை வைக்கும் மாற்றலே. வேறுபாடு, ஒட்டு கரவாது நின்று பொருள் தருவதில் உள்ளது. மாயவித்தைக்காரன் கருவி புரட்சிக் கலைஞன் கைக்கு வந்தபொழுது அதன் பயன் மாறிற்று, கருவி மாறவில்லை.

6. பிற்காலத்து வழிவழி

இவ்விரு ஒட்டுக்களும் பின்வந்த திரைப்படங்களில் இடையறாது தொடர்கின்றன. 1948இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த 'கயிறு' தொடர்ந்து ஓடும் ஒரே காட்சி போலத் தோன்றும். சுருள் முடியும் இடங்கள் சிலவற்றில் காமிரா ஒருவர் முதுகை நெருங்கி, திரை இருண்டு, மீண்டும் அகலும். அவ்விருளில் ஒட்டு கரந்திருக்கும். 2019இல் சாம் மெண்டஸ் எடுத்த '1917' என்னும் போர்ப்படமும் இவ்வாறே பல காட்சிகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு தெரியாவண்ணம் இணைத்து, இரண்டு நெடுங்காட்சி போலக் காட்டுகின்றது. கத்தரியும் பசையும் ஒழிந்தன, கருத்து ஒழியவில்லை. மறுபுறம், ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த '2001' என்னும் படத்தில், ஆதிமனிதக் குரங்கு வானில் எறிந்த எலும்பு, ஓர் ஒட்டில் விண்கலமாக மாறுகின்றது. ஓரிடத்து நின்ற பொருள் மறைந்து மற்றொன்று தோன்றும் மெலியேயின் வித்தையே இது. ஆனால் அவ்வொட்டினுள் மனித வரலாறு முழுதும் அடங்கி நிற்கின்றது.

7. நம் நாட்டுத் தொடர்பு

தொடக்கக் காலத்தின் இச்செல்வாக்கு நம் நாட்டை வந்தடைந்த வழியும் நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் ஹோவ் என்னும் ஊரில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இல் 'தீ' என்னும் படத்தை எடுத்தார். போர்ட்டரின் தீயணைப்புப் படத்திற்கு அது முன்னோடி. பின்னர் அவர் காமிரா முதலிய கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கினார். 1912இல் இலண்டன் சென்ற தாதாசாகிப் பால்கே வாங்கி வந்தது வில்லியம்சன் காமிராவே. அதனைக் கொண்டு 1913இல் 'அரிச்சந்திரா' படத்தை வெளியிட்ட பால்கே, புராணக் கதைகளுக்குத் தந்திரக் காட்சியை உயிராகக் கொண்டார். சென்னையில் 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்த நடராச முதலியார் கையாண்டதும் வில்லியம்சன் காமிராவே.

பேசும் படக் காலத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1940இல் வெளியிட்ட 'உத்தமபுத்திரன்' இங்குக் குறிக்கத்தக்கது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய அப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டையராக இரு வேடம் தாங்கினார். ஒருவரே பலராகத் தோன்றும் காட்சி மெலியே 1900இல் செய்தது. அவர் எடுத்த படம் ஒன்றில் அவரே எழுவராக அமர்ந்து இசைக்கின்றார். இரட்டை வேடப் படங்களின் அமைப்பை நுணுகி நோக்கின் நம் கருத்து முழுமையாக விளங்கும். இருவரும் ஒரு சட்டகத்துள் நிற்கும் காட்சிகள் சிலவே. அவை தந்திரத்தால் அமைவன. எஞ்சியவற்றில் ஒருவர் பேச மற்றொருவர் கேட்பதாக முகத்தின்மேல் முகம் ஒட்டப்படுகின்றது. அவை தொகுப்பால் அமைவன. ஆயின், பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றே: அண்ணனும் தம்பியும் எதிரெதிர் நிற்கின்றனர். தந்திரம் எங்கே முடிந்தது, தொகுப்பு எங்கே தொடங்கிற்று என்று அவர்கள் கேட்பதில்லை. ஒரே முகம் நன்மைக்கும் தீமைக்கும் உரியதாகலாம் என்னும் பொருள், அவ்விரண்டும் கூடிய இடத்திலேயே பிறக்கின்றது.

இந்நிலையில், புராணப் படங்களையும் இரட்டை வேடப் படங்களையும் 'வெறுந் தந்திரம்' என்று ஒதுக்கும் திறனாய்வு, மேல்நாட்டார் ஒரு காலத்துக் கொண்டு பின்னர்க் கைவிட்ட அளவுகோலை இன்னும் கையில் வைத்திருப்பதாகும்.

8. முடிவுரை

மெலியே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். தொழில் நொடித்த நிலையில் 1923இல் தம்மிடமிருந்த மூலச்சுருள்களைத் தாமே எரித்தார். 1938இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ இருநூறு படங்களே பல நாடுகளிலும் சிதறிக் கிடந்த படிகளினின்றும் மீண்டன. அவற்றை உற்று நோக்கியதனாலன்றோ ஒட்டுக்கள் வெளிப்பட்டன! போர்ட்டரின் படமோ தாளில் அச்சிட்டு வைத்தமையால் தன் மூலபாடத்தைக் காத்துக்கொண்டது. 'கீசக வதம்' அத்தகைய பேறு பெறவில்லை. அதன் சுருளில் ஒட்டு எங்கெங்கே இருந்தது என்று நோக்குதற்கு இன்று ஒரு படியும் இல்லை.

ஆதலின் இவ்வாராய்ச்சியால் நாம் பெறுவன மூன்று. தந்திரமும் தொகுப்பும் ஒட்டு என்னும் ஒருவேரின. பழம்படத்தைப் பிற்கால இலக்கணத்தால் அளத்தல் அப்படத்தின் பாடத்தையே கெடுக்க வல்லது. எஞ்சியிருக்கும் தமிழ்ப் படங்களின் படிகளை ஒப்பிட்டு மூலபாடம் துணியும் முயற்சி, அவற்றின் சிறப்பையும் குறையையும் பேசுதற்கு முன்னர்ச் செய்யப்பட வேண்டுவது. ஏட்டுச் சுவடிகளுக்கு நம் முன்னோர் செய்த அப்பணியைப் படச்சுருள்களுக்கும் செய்தல் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்றாகும் என்பது நம் கருத்து.